வேற கொல்லைக் கரணை

செல்லமுத்து சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறான் என்று தங்கமணி நம்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான், சங்கத்துக்காரர்கள் செல்லமுத்துவைத் தேடிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

மூன்று பேர். முன்னால் நின்றவன் பகலவன், ஊர்க்கிளைச் செயலாளர். தொண்டை கட்டிப் போயிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசிய தொண்டை.

"சித்தி, சித்தப்பா இல்ல?"

களத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி, வேரில் கடலை தொங்க, குவிந்து கிடந்தது. தங்கமணியும் கூலிக்கு வந்த இருசம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆவணி மாதத்துக் கடைசி வெயில். மேற்கே கல்வராயன் மலைமேல் மட்டும் மேகம் இறங்கியிருந்தது.

"கூட்டத்துக்குத்தான போயிருக்காரு? உங்ககூட இல்லியா?" என்றாள் தங்கமணி.

பகலவன் திரும்பிக் கூட வந்தவர்களைப் பார்த்தான். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"இன்னா சித்தி வெளையாடறியா? ஒரு மாசமா கூட்டம் மேல கூட்டம் போடறோம், ஒண்ணுத்துக்கும் ஆளு வர்ல. வியாழக்கெழமலேர்ந்து ஒரு வாரம், எட ஒதுக்கீட்டுக்கு ரோடு மறியலு. எந்தப் புளியமரத்த யாரு வெட்டறதுன்னு பேசிக்கினு இருக்கறோம், மனுசன் கண்ணுலயே படமாட்டங்கறாரு. கேட்டா வூட்டுல ஒடம்பு செரியில்ல, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்ங்கறாரு."

"யாருக்கு ஒடம்பு செரியில்ல?"

"உனக்குத்தான் சித்தி. போன புதன்கெழம உன்னக் கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போனாரே!"

போன புதன்கிழமை தங்கமணி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கரும்புக்குள் குனிந்து காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தாள். கூட இருந்தவள் இந்த இருசம்மாள்தான். இருசம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. காயைப் பிய்க்கும் விரல் மட்டும் நின்றுபோயிருந்தது.

"ஆமா, போனம்," என்றாள் தங்கமணி. "இன்னிக்கும் மருந்து வாங்கத்தான் போயிருக்காரு. நாந்தான் மறந்துட்டன்."

அவர்கள் போன பிறகு இருசம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க்கா பொய் சொன்ன?"

"வேலையப் பாருடி."

கட்டினவன் பெண்டாட்டியிடம் சங்கத்தைச் சொல்லியிருக்கிறான். சங்கத்திடம் பெண்டாட்டியைச் சொல்லியிருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் வருகிறான். அந்த எங்கேயோ எது?

தங்கமணிக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஒரு வருஷமாகவே தோன்றிக்கொண்டிருந்ததுதான்.

போன வருஷம் ஆடியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புளியங்கொட்டை அளவில் ஆரம்பித்த புற்றுக்கட்டி. எடுத்து, ஊரார் கரண்டு என்கிற கதிர் வைத்து, தோல் கருகி, உரிந்து, மறுபடி தோல் கட்டி, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது செல்லமுத்துவின் கயிற்றுக் கட்டில் மாட்டுக்கொட்டகைக்கு இடம் மாறியிருந்தது. "புண்ணு ஆறட்டும்" என்றான். புண் ஆறி எத்தனையோ மாதம் ஆகிறது. கட்டில் அங்கேயேதான் கிடக்கிறது.

இருப்பது ஒரே பெண், மலர்விழி. எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆண்வாரிசு கிடையாது. நாற்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, மூன்று ஏக்கர் கரும்பு, மார்பு ஒன்று இல்லாத பெண்டாட்டி. ஊர் என்ன கணக்குப் போடும் என்று தங்கமணிக்குத் தெரியாதா?

ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் பழைய வேட்டித் துணியில் இலவம்பஞ்சு அடைத்து அவளே ஒன்று தைத்திருந்தாள். பஞ்சுக்குக் கனம் இல்லை. குனிந்து நிமிர்ந்தால் கழுத்துக்கு ஏறிவிடும். ஒருநாள் இதே மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கும்போது நழுவி விழுந்தது. "யாருதுடி இந்தப் பொம்ம தலகாணி?" என்று கூலிக்கு வந்த ஒருத்தி தூக்கிக் காட்டினாள். சுற்றிலும் சிரிப்பு. இருசம்மாள்தான் வெடுக்கென்று பிடுங்கி, செடிக்கு அடியில் வைத்து நகர்த்திக் கொடுத்தாள். அன்றிலிருந்து தங்கமணி மோட்டார் கொட்டகையில் மற்றப் பெண்களோடு குளிக்கப் போவதில்லை. எல்லோரும் போன பிறகு பாவாடையைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, திருடி மாதிரி இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மாவிடம் அவளே வாய்விட்டுக் கேட்டாள். "எடுத்த எடத்துல மறுபடி எதனா வைக்க முடியுங்களா?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "முடியும்மா. அடிவயித்துச் சதையையும் தோலையும் ரத்தக்குழாயோட மேல கொண்டுவந்து வைக்கலாம். நல்லா வரும். ஆனா பெரிய ஆபரேஷன். வயிறு பலம் குறையும், ரொம்ப நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது. இல்லைன்னா முதுகுல இருக்கற சதையைத் திருப்பி முன்னால கொண்டு வரலாம். கையை ஓங்கி இழுக்கற வேலைல அந்தப் பக்கம் கொஞ்சம் பலம் கம்மியாகும். சிலிகான் பைன்னு ஒண்ணு இருக்கு, வெளிநாட்டுல இருந்து வரணும். நீங்க கரண்டு வச்ச தோல், அது சரியா தாங்காது. எதுவுமே செய்யாம, உள்ள வச்சுக்கற ரப்பர் உருவம் வாங்கிப் போட்டுக்கிட்டும் இருக்கலாம். அப்படி இருக்கறவங்கதான் நிறைய. அதுலயும் ஒரு குறைச்சலும் இல்ல."

தங்கமணி மனசுக்குள் வேலைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். வயிறு ஆகாது. சோகைக் கட்டு தூக்க வேண்டும், சாணிக் கூடை தூக்க வேண்டும். முதுகு சரிப்படும். எடுப்பது இடது பக்கம். கத்தி பிடிப்பதும் சோகை இழுப்பதும் வலது கை.

"முதுகுல எடுங்க," என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வேணாங்க," என்றான் செல்லமுத்து.

அவ்வளவுதான். காரணம் கிடையாது. புரட்டாசி முதல் திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளலாம், வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று டாக்டரம்மா தேதி சொன்னபோதும் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது பஸ்ஸில், "அது ஆவாது. நீ பேசாத இரு," என்றான். யாருக்காக ஆகாது என்று சொல்லவில்லை.

பொழுது சாய்ந்து செல்லமுத்து வீடு திரும்பினான். தங்கமணி கேழ்வரகுக் களியை உருட்டி வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது பார்த்தாள். இடது முழங்கை மடிப்பில் சின்னதாக ஒரு பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.

"இன்னா அது?"

"முள்ளு."

"முள்ளுக்குப் பிளாஸ்திரியா?"

"சங்கத்து ஆபீஸ்ல ஒட்டிவுட்டாங்க."

"கூட்டம் நல்லா நடந்துதா?"

"ம். ஜாஸ்தி ஜனம்."

"பகலவன் தொண்ட எப்படிக் கீது? கட்டிக்கினு இருந்துதே."

செல்லமுத்து களியைப் பிட்டு வாயில் போட்டான். மெல்லாமல் விழுங்கினான். "செரியாயிட்டுது," என்றான்.

தங்கமணி குழம்புச் சட்டியை மூடினாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எதற்கு? கல்யாணத்துக்கு முன்னால் இப்போதெல்லாம் ரத்தம் பார்க்கிறார்கள் என்று மலர்விழி சொல்லியிருக்கிறாளே?

மறுநாள் காலையில் நாத்தனார் ரங்கம்மாள் வந்தாள். செல்லமுத்துவுக்கு மூத்தவள், பக்கத்துத் தெரு. வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டாள்:

"உன் வூட்டுக்காரன் வெள்ளிமலைக்கு எதுக்குப் போறான்?"

"வெள்ளிமலைக்கா?"

"கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல என் கண்ணால பாத்தன். மலை பஸ்சுல சன்னலோரமா குந்திக்கினு இருந்தான். கூப்ட்டன், மூஞ்சத் திருப்பிக்கினான். கூடப் பொறந்தவள!"

"அங்க யாரு அண்ணி இருக்காங்க?"

ரங்கம்மாள் இன்னொரு வெற்றிலையைக் கிள்ளினாள். சொல்லத் தேவை இல்லை. வெள்ளிமலையில் ஆண்டாள் இருக்கிறாள். செல்லமுத்துவின் தாய்மாமன் மகள், முறைப்பெண். ஸ்டவ் வெடித்துக் கையும் கழுத்தும் வெந்துபோனதும் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இப்போது சமையல் வேலை. வயசு முப்பது இருந்தால் ஜாஸ்தி.

"அந்தக் காலத்துல ஆண்டாள அவருக்கு முடிக்கணும்னு நீங்கதான ஒத்தக் கால்ல நின்னீங்க?" என்றாள் தங்கமணி.

"அவ அப்ப பாவாட கட்டின பொண்ணுடி! பேச்சுக்குச் சொன்னது. இப்ப எதுக்கு அத இழுக்கற?"

இவளுக்கும் இதில் பங்கு உண்டோ? தூண்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாளோ? தங்கமணி நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். வெற்றிலைச் சிவப்பைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை.

"கெளம்புங்க அண்ணி."

"எங்கடி?"

"வெள்ளிமலைக்கு. நாளிக்கு மறியலு, பஸ்சு ஓடாது. இன்னிக்கே போவணும். நீங்களும் கூட வர்றீங்க."

விட்டுவிட்டுப் போனால் இவள் ஆள் அனுப்பித் தம்பிக்குச் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான். செல்லமுத்து கரும்பு சாயாமல் விட்டம் கட்ட விடிகாலையிலேயே போயிருந்தான். இருசம்மாளிடம் மட்டும் சொன்னாள்: "நாங்க பஸ் ஏறினப்புறம் கேட்டார்னா, வெள்ளிமலைக்குப் போயிருக்கறன்னு சொல்லு. மறைக்காத."

சங்கராபுரத்தில் ஒரு பஸ், கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ். கள்ளக்குறிச்சியில் கடைகளில் கூட்டம் நெரித்தது. ஒரு வாரத்துக்குக் கடை திறக்காது என்று உப்பும் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முனையில் போலீஸ் வேன் நின்றது. மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ரங்கம்மாள் புலம்ப ஆரம்பித்தாள்.

"எதுனா ஒண்ணு கெடக்க ஒண்ணு நடந்துருந்தா இன்னா பண்ணுவ?"

"நடந்துதான்னு மொதல்ல பாக்கறன்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லடி."

"நீங்கதான அண்ணி சன்னலோரம் குந்திக்கினு இருந்தான்னீங்க?"

வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து ஏறியது. பஞ்சு உருண்டை கழுத்தடியில் வந்து உறுத்தியது. தங்கமணி முந்தானைக்குள் கையை விட்டு அதை உருவிப் பைக்குள் திணித்தாள். யார் பார்த்தால் என்ன?

வெள்ளிமலையில் இறங்கியபோது தூறல். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் புகை மூட்டம். பெரிய அண்டாவில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்டாள் துடுப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மூடிய ரவிக்கை. கழுத்தில் தோல் கயிறு கயிறாக இழுத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் துடுப்பு கையிலேயே நின்றுவிட்டது.

"அக்கா? வாங்க... இன்னா திடுதிப்புன்னு?"

ரங்கம்மாள் முந்திக்கொண்டாள். "ஏண்டி ஆண்டாளு, எந்தம்பி இங்க எதுக்குடி வர்றான்?"

ஆண்டாள் முகம் மாறியது. தங்கமணியை ஒருதரம் பார்த்தாள். அவள் பார்வை தன் இடது பக்கம் ஒரு நொடி தங்கி விலகியதைத் தங்கமணி கவனித்தாள்.

"வந்தாரு. ரெண்டு வாட்டி."

"எதுக்கு?"

"சொல்றதுக்கு வெக்கமா இருக்குது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போயிருக்காரு."

"சொல்லு," என்றாள் தங்கமணி.

"எங் காலக் காட்டச் சொன்னாரு."

"காலயா?"

"தொடைய."

ரங்கம்மாள் வாயில் கையை வைத்தாள். வெற்றிலை எச்சில் விரலில் வழிந்தது. "அடப் பாவி! அடப் படுபாவி!"

தங்கமணி ஆண்டாளின் எதிரே போய் நின்றாள். "காட்டினியா?"

"காட்டினன்க்கா. வார்டன் அம்மாவக் கூட நிக்க வச்சிக்கினுதான் காட்டினன். தோலு எடுத்த எடத்தத்தான் பாக்கணும்னாரு."

"இன்னா தோலு?"

ஆண்டாள் துடுப்பைக் கீழே வைத்தாள். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். வெந்த கையின்மேல் வேறு நிறத்தில், சல்லடை போட்டது போன்ற தோல் பரவியிருந்தது.

"இது எந்தொடத் தோலுக்கா. அங்க எடுத்து இங்க ஒட்டினாங்க. ஆனா மொதல்ல ஒட்டினது எங்கம்மாளுது. எனக்கு அப்ப எடுக்கத் தெம்பு இல்லன்னு எங்கம்மா சாலம்மா தொடையில எடுத்து வச்சாங்க. அதுதான் மாமாவுக்கு வேணும். 'அத்தையோட தோலு உனக்கு ஒட்டிச்சா ஆண்டாளு? ஒட்டிச்சா?'ன்னு திரும்பத் திரும்பக் கேக்கறாரு. ஒட்டிச்சி மாமா, ஆனா கொஞ்ச நாள்ல காஞ்ச சருகாட்டம் உரிஞ்சி வுழுந்துட்டுது, அது தற்காலிகத்துக்கு வைக்கறதாம், கடைசில என்னுதுதான் நின்னுதுன்னு சொன்னன். பின்பாதிய அவரு காதுலயே வாங்கல. 'ஒட்டிச்சில்ல? ரத்தம் ஒண்ணா இருந்தா நல்லாவே ஒட்டும்'னு சொல்லிக்கினு எழுந்துட்டாரு."

தூறல் ஓட்டின்மேல் சடசடத்தது. தங்கமணிக்கு முழங்கை மடிப்புப் பிளாஸ்திரி ஞாபகம் வந்தது.

"எதுக்கு இதெல்லாம் கேட்டாரு?"

"நான் கேக்காம வுடுவனா? வயித்தத் தட்டிக் காட்டினாரு. 'எங்கிட்ட எவ்ளோ சதை கெடக்குது பாரு. இதுல எடுத்து உங்கக்காளுக்கு வைக்கச் சொல்லப் போறன்'னாரு."

ரங்கம்மாள் முதலில் விழித்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் தொந்திய... அய்யோ... நெஞ்சுல முடி மொளைக்குமேடி! ஷேவிங் பண்ணணுமேடி!"

ஆண்டாளும் சிரித்தாள். தங்கமணிக்கும் உதடு துடித்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அது முழுதாக உருள்வதற்குள் வேறொன்று குறுக்கே வந்து நின்றது.

"டாக்டரம்மா எம் முதுகுச் சதைய எடுக்கலாம்னுதான சொன்னாங்க? என் வயிறும் இருக்குது. அவருது எதுக்கு?"

ஆண்டாள் துடுப்பை மறுபடி கையில் எடுத்தாள்.

"சொல்லு ஆண்டாளு. என்னுது இன்னா கொறச்சலு?"

"கரும்புல நோவு வந்தா அந்தக் கொல்லைல வெதைக்குக் கரண வெட்ட மாட்டாங்களாமே அக்கா? வேற கொல்லைல, நோவு இல்லாத கொல்லைலதான் கரண எடுக்கணுமாமே? அப்படின்னு சொன்னாரு. எனக்குக் கரும்பப் பத்தி இன்னா தெரியும்?"

தங்கமணிக்குத் தெரியும்.

சாமைச் சோறும் கீரைக் கடைசலும் போட்டு ஆண்டாள் இருவரையும் வழியனுப்பினாள். கீழே இறங்குகிற கடைசி பஸ். தங்கமணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரங்கம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா, எந்தம்பி தங்கம்டி. எவன் குடுப்பான் சதைய?"

தங்கமணியின் நினைப்பு கரும்பிலேயே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய கரும்பில் செவ்வழுகல் விழுந்தது. தோகை மஞ்சளாகி, கழியைப் பிளந்தால் உள்ளே சிவப்புச் சிவப்பாக, நடுவில் வெள்ளைத் திட்டு, சாராய வாடை. ஓரத்தில் கொஞ்சம் நன்றாக இருந்தது. அதில் செல்லமுத்துவே பார்த்துப் பார்த்துக் கரணை வெட்டிப் பக்கத்துத் துண்டில் நட்டான். மேலுக்குச் சுத்தமாக இருந்த கரணை. முளைத்து இடுப்பளவு வந்த பிறகு அதுவும் சிவந்தது. கட்டையோடு தோண்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். அதன் தோகையை மாட்டுக்குக்கூடப் போடவில்லை. வெகுநாளைக்கு அந்தத் துண்டில் யாரும் கால் வைக்கவில்லை.

கால் வைக்கவில்லை.

மாட்டுக்கொட்டகையில் கிடக்கிற கயிற்றுக் கட்டில் அவள் கண்ணுக்குள் வந்தது.

மலை இறங்கித் தரைக்கு வந்து சற்றுத் தூரம் ஓடிய பஸ் சட்டென்று நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டினான்.

"எறங்குங்க, எறங்குங்க. வண்டி இதுக்கு மேல போவாது. மரம் வுழுந்துட்டுது."

"வுழுந்துச்சா, வெட்டினாங்களா?" என்று கேட்டாள் ரங்கம்மாள்.

"நான் பாக்கல தாயி. நீயும் பாக்கல."

நாளை ஆரம்பிக்க வேண்டிய மறியலை யாரோ இன்று சாயங்காலமே ஆரம்பித்திருந்தார்கள். பெரிய புளியமரம். ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு கிடந்தது. வெட்டுவாயிலிருந்து பச்சை வாடை அடித்தது. இரண்டு பக்கமும் சேறு நிறைந்த நெல்வயல். பஸ்ஸில் வந்தவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்தும் அடிமரத்தில் ஏறியும் அந்தப் பக்கம் போனார்கள். இரண்டு பேர் கைகொடுத்து ரங்கம்மாளை ஏற்றி இறக்கினார்கள். இறங்கியதும் அவள் குரல் கேட்டது.

"அடேய், நீ எங்கடா இங்க?"

அடிமரத்துக்கு அப்பால் செல்லமுத்து நின்றிருந்தான். சைக்கிளை மரத்தில் சாய்த்திருந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இருசம்மா சொன்னா," என்றான். பார்வை அக்காளைத் தாண்டி, மரத்துக்கு இந்தப் பக்கம் நின்ற தங்கமணிமேல் இருந்தது. "ஆண்டாளு சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"இந்தப் பக்கம் வா. இருட்டறதுக்குள்ள போவணும்."

"வர்றன். மொதல்ல நேத்து எங்க போனன்னு சொல்லு."

ரங்கம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் அப்படி முன்னால போயி நிக்கறன்," என்று நடையைக் கட்டினாள். ஆனால் காது கேட்கிற தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

"பாண்டிக்கு," என்றான் செல்லமுத்து. "ரத்தம் பாத்தன். உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம். அத எடுத்துக்கினு போயி டாக்டரம்மாகிட்ட எஞ் சதைய எடுத்துக்கங்கன்னு கேட்டன்."

"இன்னா சொன்னாங்க?"

"சிரிப்பாங்கன்னு நெனச்சன். சிரிக்கல. ரத்தம் ஒண்ணா இருந்தாலும் அடுத்தவங்க சதை நிக்காதாம். அவங்க ஒடம்புச் சதைதான் அவங்களுக்கு நிக்கும், முதுகுச் சதைல ஒரு நோவும் இல்ல, அது சுத்தமான சதைன்னாங்க."

"அப்ப கையெழுத்து போட்டியா?"

அவன் அடிமரத்தின் பட்டையைப் பிய்த்தான். "போடல."

"ஏன்?"

"நம்பல."

"டாக்டரம்மாவயா? என்னயா?"

"ஓரத்துக் கரும்பு மேலுக்குச் சுத்தமாத்தான இருந்துது தங்கமணி? நாந்தான வெட்டி நட்டன்? இன்னா ஆச்சி? அதே மாதிரி உன் ஒடம்புல... திரும்ப ஒருதரம் என்னால..."

"அப்ப நான் நோவு வுழுந்த கொல்ல. அதான?"

"அப்படி இல்ல."

"அப்படித்தான். அதான் ஒரு வருஷமா கால் வைக்காம மாட்டுக் கொட்டாயில படுத்துக்கினு கீற."

செல்லமுத்து பிய்த்த பட்டையை வயலில் போட்டான். வயலில் தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன.

"பயம்," என்றான் கடைசியாக. "ஒட்டிக்கும்னு இல்ல. கை பட்டா, அடங்கிக் கெடக்கறது மறுபடி கெளம்பிடுமோன்னு. அந்தப் பக்கம் பாக்கவே பயம். உங்கிட்ட எப்படிச் சொல்றது? சங்கம், கூட்டம்னு வாய்க்கு வந்ததச் சொன்னன்."

சதையை அறுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தவன். பக்கத்தில் படுக்கத் தயாராக இல்லாதவன். இரண்டும் ஒரே ஆள்தான். இதில் எந்தப் பாதியை நம்புவது?

"கையக் குடு. ஏறி வர்றன்," என்றாள்.

அவன் அடிமரத்தின்மேல் குனிந்து கையை நீட்டினான், அவளுடைய வலது கையைப் பிடிக்க. தங்கமணி வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் புடி."

"ஆபரேஷனுக்கு அப்பறம் அந்தக் கை வீங்கிக் கெடக்குது. நோவு எடுக்கும்."

"கையப் புடிக்காத. அக்குளுக்குக் கீழ குடுத்துத் தூக்கு."

அவன் தயங்கினான். பின்னால் பஸ் டிரைவர் வண்டியைத் திருப்ப முயன்று ஹாரன் அடித்தான். செல்லமுத்து மரத்தின்மேல் ஏறி மண்டியிட்டான். ஒரு கையை அவள் முதுகுக்குக் கொடுத்து, மற்றக் கையை இடது விலாவில் வைத்தான். பஞ்சு இல்லை. ரவிக்கைத் துணிக்கு அடியில் நேராகத் தழும்பு. அவன் உள்ளங்கை அங்கே அப்படியே உறைந்து நின்றது.

"இன்னா, சுடுதா?"

"இல்ல."

"நகருதா? கெளம்புதா?"

"இல்ல."

"அப்பத் தூக்கு."

தூக்கினான். முகம் முகத்துக்கு வெகு அருகில் வந்தது. மரத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, தரையில் கால் ஊன்றிய பிறகும் ஒரு கணம் அந்தக் கை அங்கேயே இருந்தது. அப்புறம்தான் எடுத்தான்.

"திங்கக்கெழம பஸ்சு இருக்காது," என்றாள் தங்கமணி, முந்தானையைச் சரிசெய்துகொண்டே. "ரோடு தெறந்ததும் போறம். முதுகுல எடுக்கச் சொல்றன். நீ கையெழுத்து போடற. போடலன்னா மலர்விழி வந்து போடுவா."

"மறுபடி வந்துட்டா?"

"வந்தா பாக்கறதுக்குத்தான் மாசாமாசம் வரச் சொல்றாங்க. வராதுன்னு யாரும் எனக்கு எழுதிக் குடுக்கல. வந்துடும்னு நீ எழுதாத."

செல்லமுத்து அடிமரத்தைத் திரும்பிப் பார்த்தான். "போடறன்," என்றான்.

அந்த வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வாய்தானே? ஒரு மாதமாகக் கூட்டம் கூட்டம் என்று சொன்ன அதே வாய்தானே?

முன்னாலிருந்து ரங்கம்மாள் கத்தினாள். "பேசி முடிச்சீங்களா? ஒரு சைக்கிளு, மூணு பேரு. நான் இன்னா பறந்து வர்றதா?"

செல்லமுத்து சைக்கிளை எடுக்கத் திரும்பினான். தங்கமணி அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் விலாவைத் தொட்ட கை. அது மெல்ல இறங்கி வேட்டிப் பக்கம் போனது. துடைக்கப் போகிறான். துடைத்துவிட்டானென்றால் கையெழுத்தும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அந்தக் கை, மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கீழே இறக்கிவிட்டது. பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டே நெற்றி வேர்வையை அதே கையால் வழித்து, வாயோரம் துடைத்துக்கொண்டு, "நட," என்றான்.

தங்கமணி தன் இடது பக்கம் அவனை ஒட்டியிருக்கும்படி போய்ச் சேர்ந்துகொண்டு நடந்தாள்.